உலகம்மாளின் கால் அளவு

உறை ஒட்டும் பசைக்கு மைதாமாவுதான் நல்லது. அரிசிமாவில் காய்ச்சினால் காய்ந்தபின் வெள்ளையாகப் பூக்கும், எறும்பும் வரும். மைதாவில் கடுகளவு மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சினால் ஒட்டின இடம் தெரியாது. இதை நான் பதினாறு வயதில் கற்றுக்கொண்டேன்.

"வாயால சொல்ல வரலேன்னா எழுதிக் குடும்மா. வியாழக்கிழமை வரைக்கும் அவகாசம் இருக்கு" என்று விசாரிக்க வந்த நீங்கள் சொன்னீர்கள். அதற்கு நன்றி, ஐயா. வாயால் சொல்ல எனக்கு எப்போதுமே வந்ததில்லை. நாலாம் பாரத்தில் பாட்டு ஒப்பிக்கச் சொல்லி டீச்சர் என்னைப் பெஞ்சின்மேல் ஏற்றினாள். பாட்டு முழுவதும் தெரியும். ஒரு மணி நேரம் நின்றேன், வாய் திறக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை, பிறகும் போகவில்லை. அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே இறந்துவிட்டதால் கேட்பதற்கும் ஆளில்லை. அண்ணன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்தார். அப்படிச் சேர்ந்தவை பதினொன்று. பத்தாயத்தில் நெல்லுக்கடியில் வைத்திருக்கிறேன். கடிதங்களின் நகல் எல்லாம் அதில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.

அண்ணன் அழகியநம்பி அப்போது திருவனந்தபுரத்தில், சர்க்கார் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா. தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் ஒரே போலத் தெரிந்தவர் என்பதால் டில்லி சர்க்காரின் ஒரு இலாகா அவரைக் கூப்பிட்டது. அது எந்த இலாகா என்று உங்களுக்கே தெரியும். வேலை பினாங்கில். கப்பலில் வந்து இறங்குகிற நம் ஆட்கள் சர்க்காருக்கு எதிராக ஏதாவது செய்கிறார்களா என்று கவனிப்பது, அவர்களுடைய கடிதங்களைப் படிப்பது. வேறு பெயர், ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை என்ற வேஷம். குடும்பத்தைக் கூட்டிப் போகக் கூடாது. ஆறு மாதம் பரீட்சைக் காலம். அதன்பின் பத்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். பிடிக்காவிட்டால் கையெழுத்துப் போடாமல் ஊர் திரும்பலாம். கச்சேரியில் அதுவரை இடம் காலியாக இருக்கும்.

பழகுவதற்கென்று ஒரு கட்டு உறைகளைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஆவியில் காட்டி, மூங்கில் ஈர்க்கால் திறந்து, நகலெடுத்து, திரும்ப ஒட்ட வேண்டும். அண்ணனுக்குக் கை வியர்க்கும். எனக்கு வியர்க்காது. அந்தக் கட்டு முழுவதையும் அடுக்களையில் உட்கார்ந்து நான்தான் செய்தேன். அண்ணன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வடிவு, இந்த வேலை உனக்கு வந்திருக்கணும். ஆள் மாறிப்போச்சு" என்றார்.

மதினி சொர்ணம்மாள் அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அப்ப இவளையே அனுப்புங்களேன். இவளும் வாயத் தொறக்க மாட்டா, வெள்ளைக்காரனுக்கும் சௌகரியம்" என்று சிரித்தாள். மூவரும் சிரித்தோம். மதினி நல்லவள். கோட்டாறில் பெரிய நெல் வியாபாரியான கோமதிநாயகம் பிள்ளையின் மகள். எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசாமலிருந்தால் அவள் என் பங்கையும் சேர்த்துப் பேசுவாள்.

போவதா இருப்பதா என்று அண்ணன் ஒரு மாதம் தவித்தார். என் நோட்டில்தான் நடுவில் கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதினோம். போகிற பக்கத்தில் ஒன்பது காரணம் வந்தது. இருக்கிற பக்கத்தில் 'சொர்ணம்' என்று மட்டும் எழுதச் சொன்னார். பிறகு அதையே வெகுநேரம் பார்த்தார். கடைசியில், ஆறு மாதம் போய்ப் பார்க்கலாம் என்று கொல்லம் ஆண்டு 1113 ஆவணியில் கப்பலேறினார்.

உங்கள் இலாகாவின் ஏற்பாடு ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து ஒரே ஒருவர்தான் கடிதம் எழுதலாம். அதுவும் மதராஸில் ஒரு தபால் பெட்டி எண்ணுக்கு. அந்த எண்ணை வேறு யாருக்கும் சொல்லக் கூடாது. அண்ணன் என் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் யாரிடமும் பேசாதவள் என்பதால் அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆகவே, அண்ணன் எந்த ஊரில் எந்தப் பெயரில் இருக்கிறார் என்பது திருவனந்தபுரத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் இரண்டு மாதம் மதினி சொன்னதை அப்படியே எழுதினேன். பிறகு அண்ணன் எனக்கென்று தனித்தாள் வைக்க ஆரம்பித்தார். சந்தேகமான கடிதங்களின் வாசகத்தைப் பெயரில்லாமல் எழுதி, உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்பார். மூன்று வெவ்வேறு ஆட்களின் கடிதத்தில் 'பெரியம்மைக்கு முழங்கால் வலி' என்று வந்திருந்தது. மூன்று பேருக்கும் ஒரே வாரத்தில் பெரியம்மைக்கு முழங்கால் வலிக்காது என்று எழுதினேன். அடுத்த மாதம், அந்த மூவரும் பிடிபட்டார்கள், அவர்களில் ஒருவன் லாக்கப்பிலேயே இறந்துவிட்டான், மேலதிகாரி கை கொடுத்தார் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிள்ளியாற்றுப் பக்கம் வரை நடந்துவிட்டு வந்தேன். நான் தனியாக வெளியே நடந்தது அன்றுதான் முதல் தடவை.

மதினிக்கு நாள் தள்ளிப்போனது அண்ணன் கப்பலேறிய பிறகுதான் உறுதியானது. அதை எழுதினேன். எழுதியிருக்க வேண்டாம் என்று பிறகு தோன்றியது. மார்கழியில் பதில் வந்தது. 'நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. மாசி முடிவில் ஊரில் இருப்பேன், குழந்தை பிறக்கும்போது வாசலில் நிற்பேன். சொர்ணத்திடம் சொல்லு.' அவர் திரும்பினால் எனக்கு வருகிற தனித்தாளும் நின்றுவிடும்.

மதினி பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டீ எழுதியிருக்காவ? வாராவளா?"

"வேலை ரொம்பப் பிடிச்சிருக்காம் மதினி. உன் உடம்பைப் பார்த்துக்கோன்னு எழுதியிருக்கு" என்று வாசித்தேன்.

அவள் கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை முறுக்கினாள். "சரி, நான் சொல்லதை எழுது. எனக்குப் பட்டும் வேண்டாம், நகையும் வேண்டாம். வந்தாப் போதும்" என்றாள். நான் எழுதியது வேறு. 'உங்கள் முன்னேற்றத்துக்கு நான் தடையாக இருந்தேன் என்ற பேர் எனக்கு வேண்டாம். கையெழுத்துப் போடுங்கள். நம் பிள்ளை உங்களை நினைத்துப் பெருமைப்படும்.' மதினியின் பேச்சில் வருகிற சில கொச்சைகளையும் சேர்த்திருந்தேன். அண்ணன் நம்பினார். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று எழுதினார்.

நான் எதையும் எனக்காகக் கேட்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். புடவைகூட வாங்கிக்கொண்டதில்லை.

தலைப்பிரசவத்துக்கு மதினி கோட்டாறுக்குப் போக வேண்டும். வளைகாப்பு முடிந்ததும் அவள் அப்பா வண்டியோடு வந்தார். அங்கே அவள் தம்பி வெங்கடகிருஷ்ணன் ஹைஸ்கூலில் படிக்கிறான், நன்றாக எழுதுவான். விலாசம் கேட்பான். ஆகவே, பிரயாணம் வேண்டாம், பிரசவம் நம் வீட்டிலேயே ஆகட்டும் என்று அண்ணன் எழுதியதாக ஒரு கடிதத்தை வாசித்தேன். கோமதிநாயகம் பிள்ளைக்கு முகம் கறுத்துவிட்டது. "தாயில்லாப் பிள்ளைன்னு நினைச்சிட்டாராக்கும் மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லி வெறும் வண்டியோடு திரும்பினார்.

மாசி பிறந்ததும் மதினிக்குக் காலும் முகமும் வீங்கின. தலைவலி என்றாள், கண் மங்குகிறது என்றாள். மருத்துவச்சி எலிசாள் வந்து பாதத்தை விரலால் அமுக்கினாள். குழி அப்படியே நின்றது.

"பிள்ளே, இது எங்கையில நிக்காது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். நானும் கூட வாறேன்."

மதினி, "அவுக ஒரு வார்த்தை சொல்லாம நான் எப்படிப் போவேன்? ஆஸ்பத்திரியில ஆம்பிளை டாக்டர்லா இருப்பாரு" என்றாள். எங்கள் வீடுகளில் அப்படித்தான். கோட்டாறில் கேட்டதற்கும் மாப்பிள்ளையைக் கேட்டுச் செய்யுங்கள் என்றே சொல்லி அனுப்பினார்கள். வெறும் வண்டியின் கோபம் போகவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தந்தி கொடுக்கிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கரமனைப் பாலம் வரைக்கும் போய், கொஞ்ச நேரம் ஆற்றில் துணி வெளுக்கிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அண்ணன் கையெழுத்துப் போட இன்னும் இருபது நாள் இருந்தது.

நான்காம் நாள் ஒரு தந்தியை எடுத்துக்கொண்டு வந்து வாசித்தேன். பினாங்கு போய்ச் சேர்ந்த அன்று, சுகமாக வந்துவிட்டேன் என்று அண்ணன் கொடுத்த தந்தி அது. எலிசாளுக்குத் தமிழ் வேதாகமம் வாசிக்க வரும், இங்கிலீஷ் வராது. 'ஆஸ்பத்திரி வேண்டாம். வீட்டிலேயே பார்க்கவும்' என்று வாசித்தேன். எலிசாள் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்படியும் ஒரு மனுசன் உண்டுமா" என்று என்னிடம் திருப்பித் தந்தாள்.

நீங்கள் நேற்று இதைத்தான் கேட்டீர்கள். "பொய்த் தந்திதானே வாசிச்சே? ஆஸ்பத்திரிக்குப் போன்னு வாசிச்சிருக்கலாமே?" நியாயமான கேள்வி. அன்றைக்கு நானும் அதை யோசித்தேன். ஆஸ்பத்திரியில் புருஷன் பெயர், ஊர், உத்தியோகம் எல்லாம் கேட்டு எழுதுவார்கள். அவள் அப்பா வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். கச்சேரிக்குப் போய் விசாரிப்பார். யாராவது ஒருவர் மதராஸுக்குச் சொல்ல வழி கண்டுபிடிப்பார்கள். அண்ணன் அடுத்த கப்பலில் ஏறிவிடுவார். வீட்டிலென்றால் வாசற்கதவு என் கையில் இருந்தது.

மதினி தினமும் பகல் பதினொன்றரைக்கு, தபால்காரர் தெருவைக் கடந்தபின், "வாராவன்னு ஏதாவது உண்டுமா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அழுவாள். அழுகை பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. நம்பிக்கை இருப்பதால்தான் அழுகிறாள் என்று எனக்குப் பட்டது. ஆகவே ஒரு கடிதம் எழுதி வாசித்தேன். 'நான் வருவதாக இல்லை. இனி இதைப் பற்றி எழுதித் தொந்தரவு செய்ய வேண்டாம்.' அதன்பின் அவள் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எவ்வளவு அமைதியாக இருக்கிறாள் என்று எலிசாள்கூடச் சொன்னாள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. வாயில் கரண்டிக் காம்பைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். என் விரலில் அவள் பல் பட்ட தழும்பு இருக்கிறது. அவள் உயிர் அடங்குவதற்குள் குழந்தையை எலிசாள் எடுத்தாள். பெண். உள்ளங்கையில் வைக்கலாம் போல இருந்தது. இரண்டு நாள் இருந்தது.

காரியத்துக்கு வந்த கோமதிநாயகம் பிள்ளை, "மாப்பிள்ளை என்ன சொல்லுகாரு?" என்று கேட்டார். அவருக்கும் இங்கிலீஷ் வராது, அதே தந்தியைக் காட்டி வாசித்தேன். 'வர இயலாது. காரியங்களை நடத்தவும்.' அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, "அவன் செத்தாலும் எங்களுக்குச் சொல்லாண்டாம்" என்று கிளம்பினார். கோட்டாறிலிருந்து அதன்பின் ஒருவரும் வரவில்லை.

அண்ணன் மாசி இருபத்தெட்டாம் தேதி கையெழுத்துப் போட்டார். நான் அதற்கு முந்தின வாரமே எழுதியிருந்தேன். 'பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.' எங்கள் அம்மாவின் பெயரையே வைக்கச் சொன்னார். உலகம்மாள் என்று வைத்தோம்.

மூன்று வருஷம். மாதம் இரண்டு கடிதம் மதினிக்காக, ஒன்று எனக்காக. உலகம்மாள் ஐந்தாம் மாதம் குப்புற விழுந்தாள். பல் முதலில் கீழ்வரிசையில் வந்தது. காக்காவைக் கண்டால் கைதட்டுவாள். அப்பாவின் போட்டோவைக் காட்டினால் வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்துகொள்வாள். இந்த ஒரு விஷயத்தில் அவள் என்னைப் போல என்று அண்ணனுக்குச் சிரிப்பு. செருப்பு வாங்கக் கால் அளவு கேட்டார். பக்கத்து வீட்டுச் சுப்புவின் மகளைக் காகிதத்தின்மேல் நிற்க வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பினேன். சுப்பு எதற்கென்று கேட்கவில்லை. செருப்பு வந்தது. கவுன்களும் வந்தன. எல்லாம் அளவு வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். ஒன்றுகூட மடிப்புக் கலையவில்லை.

உங்கள் இலாகாவில், அண்ணனுக்கு ஏதாவது ஆனால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதி வைப்பதற்காக ஆளனுப்பி விசாரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. நகரசபைப் பதிவேட்டில் சொர்ணம்மாள் என்ற பெயரையும் அதற்குக் கீழே 'பெண் சிசு' என்றும் பார்த்ததாகச் சொன்னீர்கள். பதிந்தது நான்தான். பதிவேட்டில் பொய் எழுத எனக்கு மனமில்லை.

அண்ணன் விடுமுறைக்கு வருகிறார். கப்பல் நாகப்பட்டினம் வந்துவிட்டது. வியாழக்கிழமை காலை வண்டியில் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்குவார். கையில் ஒரு மரக்குதிரை இருக்குமாம். உங்கள் வாயால் அவரிடம் சொல்ல முடியாது என்றும், நானே கடிதமாக எழுதிக் கொடுத்தால் ஸ்டேஷனில் நீங்கள் கொடுத்துவிடுவதாகவும் சொன்னீர்கள். எழுத உட்கார்ந்தேன். மதினியைப் பற்றி நாலு வரியில் முடிந்துவிட்டது. மறு தாள் எடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

உலகம்மாளைப் பற்றித்தான் முடியவில்லை, ஐயா. காய்ச்சல் என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன், கிணறு என்று ஒரு தடவை. இந்த மாசியோடு அவளுக்கு மூன்று வயது முடிகிறது. உயிரெழுத்து முழுவதும் சொல்லுவாள். அதை நீங்களே வேறு யாரையாவது விட்டு எழுதச் சொல்லுங்கள். ஒரு குழந்தையைக் கொல்ல என் கைக்கு வராது.