ஆறு எண்ணும்வரை

பரோட்டா மாவை அவசரப்பட்டு வீசக்கூடாது. பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடி வைக்க வேண்டும். ஊறின மாவு எவ்வளவு இழுத்தாலும் வரும். ஊறாதது கிழியும். கிழிவதற்குக் கொஞ்சம் முன்னால் கைக்குள் ஒரு சின்ன நடுக்கம் தெரியும், அங்கே நிறுத்திவிட வேண்டும். பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் முப்பத்தோரு வருஷம் மாஸ்டராக நின்றவன் நான். அந்த நடுக்கம் என் கைக்குத் தெரியாமல் போகாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கை தவறிவிட்டது என்று பின்னால் நானே சொல்லிவிடக் கூடாது.

செக்ரட்டரி சார், மார்ச் மாசம் உங்கள் கிளப் ஆபீஸில் டைப் செய்து வைத்திருந்த பேப்பரில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. ஆனாலும் உங்கள் கிளார்க் வாசித்துச் சொன்ன பிறகுதான் போட்டேன். இப்போது, கடைசியாக ஏதாவது சொல்ல உண்டா என்று ஆள் விட்டுக் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. இது நானே தமிழில் எழுதுவது. ஐந்தாம் கிளாஸ் படிப்பு, பிழை இருக்கும். சாலை மார்க்கெட்டில் தமிழ் வாசிக்கிற ஆட்கள் நிறைய உண்டு, யாரையாவது வைத்து வாசித்துக்கொள்ளுங்கள். என் மகள் சுஜாவை மட்டும் கூப்பிட வேண்டாம். அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. தமிழில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சுஜா உங்கள் கிளப்பில் நானூறு மீட்டர் ஓடுகிறவள். எனக்கு நாற்பத்தேழு வயதில் பிறந்தாள். அவளுக்குப் பத்து வயதானபோது அவள் அம்மா மாடம்மாள் இறந்துபோனாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீட்டில் நானும் அவளும்தான்.

போன வருஷம் ஜூனில் அவளுக்கு இடது தொடையின் பின்பக்கத் தசை பிடித்துக்கொண்டது. பெரிதாக ஒன்றும் இல்லை. கோச் ஹரிகுமார் சார் அவளை உங்கள் ஃபிசியோ ஸ்ரீப்ரியாவிடம் அனுப்பினார். நானும் கூடப் போனேன். எனக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கம் இல்லை. எண்ணெய் டின்னைத் தட்டிப் பார்க்காமல் வாங்கினவன் இல்லை நான். ரப்பர் பட்டையையும் பந்தையும் வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் என்ன வைத்தியம் செய்துவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவளுக்கு வேலை தெரியும். முதலில் பத்து நிமிஷம் வேகமாக நடந்து உடம்பு சூடாக வேண்டும். பிறகு மல்லாந்து படுத்து ஒரு காலை நேரே தூக்க, பிடிக்கிற ஆள் அந்தக் குதிகாலைத் தன் தோளில் தாங்கி, ஒரு கையை முட்டுக்கு மேலே வைக்க வேண்டும். பின்தொடை இழுக்கிற இடத்தில் நிறுத்தி, படுத்திருப்பவள் குதிகாலால் தோளைக் கீழே அழுத்த, ஆறு எண்ண வேண்டும். ஆறு ஆனதும் தளர்த்தி மூச்சை விட்டால் கால் தானாக இரண்டு விரல் மேலே வரும். கால் தருகிறதைத்தான் எடுக்கலாம், நாமாகத் தள்ளக்கூடாது. மூன்று தடவை. அது முடிந்து, மடித்துப் போட்ட மெத்தையில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பழகின பிறகு கண்ணை மூடிக்கொண்டு. பின்னால் ஒரு ஆள் தொடாமல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், சாய்ந்தால் தாங்குவதற்கு.

கிளப்பில் வாரம் மூன்று நாள். மற்ற நாள் வீட்டில் நான் பிடிக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுத் தந்தாள். நான் பிடித்ததைப் பார்த்துவிட்டு, "அங்கிளுக்கு எந்தா ஜோலி?" என்று கேட்டாள்.

"பரோட்டா மாஸ்டர்."

"வெறுதெ அல்ல. நல்ல கை," என்றாள், சும்மா வந்த கை இல்லை என்கிற மாதிரி.

சுஜா படுத்தபடியே சிரித்தாள். "சேச்சி, பாத்துக்கிடுங்க. என் காலை வீசி அடுப்புல போட்டிருவாரு."

"ஒரு காரியம் மாத்ரம் அங்கிள்," என்றாள் ஸ்ரீப்ரியா. "குட்டி மதின்னு பறஞ்ஞால் அப்போ நிறுத்தணும். ஒரு செகண்ட் கூடுதல் வேண்டா."

மதி என்றால் போதும் என்று இந்த ஊரில் பிச்சைக்காரனுக்கும் தெரியும். எனக்கு மலையாளம் வாசிக்க வராது என்பதால் அவளே ஒரு பேப்பரில் படம் வரைந்து தந்தாள். கால், அம்புக்குறி, ஆறு புள்ளி, நிறுத்த வேண்டிய இடத்தில் சிவப்பில் ஒரு கை. அதை மெத்தைக்கு நேரே சுவரில் ஒட்டி வைத்தேன்.

நாலு மாசத்தில் சுஜாவின் கால் முன்னை விட நன்றாக வந்தது. ஓட்டமும் கூடியது. அக்டோபரில் ரயில்வேயிலிருந்து கடிதம் வந்தது, விளையாட்டுக்காரர்களுக்கான வேலை. பிலாஸ்பூரில் ஓடிக் காட்டினால் அங்கேயே வேலை. பிலாஸ்பூர் எங்கே இருக்கிறது என்று ஸ்டேஷனில் போய்க் கேட்டேன். இரண்டு நாள் ரயில் என்றார்கள்.

"அங்கன ஆருட்டி ஒனக்குக் காலைப் பிடிச்சு விடுவா?" என்று கேட்டேன்.

"அங்கயும் ஃபிசியோ உண்டுப்பா. நீங்களும் வாங்க. குவார்ட்டர்ஸ் தருவாங்க."

"அந்தச் சப்பாத்தி ஊருக்கு நான் வரல்ல."

"அப்பம் பரோட்டாக் கடை போடுங்க அங்க. வரிசையில நிப்பானுவ."

வேடிக்கையாகத்தான் பேசினாள். ஆனால் பெட்டி வாங்கிவிட்டாள்.

தனியாக இருக்கப் பயந்துவிட்டான் கிழவன் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. எனக்குச் சமைக்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும். முன்பின் தெரியாத கை அவள் காலைப் பிடிக்கும் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கிளம்புவதற்குப் பத்து நாள் இருந்தது. காலையில் நல்ல மழை. மழை பெய்கிறது, நடக்க வேண்டாம், நேரே படு என்றேன். படுத்தாள். உடம்பு குளிர்ந்துதான் இருந்தது. குதிகாலைத் தோளில் வைத்தேன். நாலு எண்ணும்போது "மதிப்பா" என்றாள். சுவரில் அந்தச் சிவப்புக் கை எனக்கு நேராக இருந்தது. அஞ்சு என்றேன், ஆறு என்றேன். ஆறோடு தளர்த்த வேண்டிய காலைத் தளர்த்தாமல் தோளைக் கொடுத்து முன்னால் சாய்ந்தேன். கைக்குள் அந்த நடுக்கம் வந்தது. வந்தது தெரிந்தது. பிறகும் சாய்ந்தேன். ஒன்பது வரை எண்ணினதாக நினைவு. சத்தம் பெரிதாக இல்லை.

அவள் அழுதாள். கொஞ்சம் கழித்து என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்ன செய்வீங்கப்பா? நான்தான் நடக்காமப் படுத்தேன்." படுக்கச் சொன்னது நான் என்பதுகூட அவளுக்கு நினைவில் இல்லை.

ரயில் போய்விட்டது. ஆறு வாரம் வீட்டில் இருந்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்தேன், தோளில் தாங்கிக் குளிமுறி வரை கொண்டு விட்டேன். சாயங்காலம் இரண்டு பேரும் டிவி பார்த்தோம். அந்த ஆறு வாரம் வீடு நன்றாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அவள் விடவில்லை. தேறி எழுந்து மறுபடி ஓடினாள். பிப்ரவரியில் இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். இந்த முறை அவளே கவனமாக இருந்தாள், நடந்து சூடாகாமல் படுக்கவில்லை. காலை நீட்டும்போது நானும் சரியாகத்தான் பிடித்தேன். அது முடிந்து மெத்தையில் ஒற்றைக் காலில் ஏறி நின்று கண்ணை மூடினாள். பின்னால் நான். "உண்டா?" என்று கேட்டாள். "உண்டு" என்றேன். பதினைந்து எண்ணும்போது பின்னால் சாய்ந்தாள். நான் தள்ளவில்லை. ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தேன், அவ்வளவுதான். என் கை இருக்கும் என்று நம்பி அவள் உடம்பை விட்டுவிட்டாள். இடது கால் முன்னால் வழுக்கி நீண்டு, அதே இடம் மறுபடி கிழிந்தது.

ஹரிகுமார் சார் வீட்டுக்கு வந்து கத்தினார். கண்ணை மூடி நிற்கிற பயிற்சியை வீட்டில் செய்யச் சொன்னது யார் என்று கேட்டார். ஃபிசியோதான் என்றேன். பொய் இல்லை அது. பொய் அதற்குப் பிறகு வந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவள் எனக்குச் சொல்லித் தரவில்லை என்று நீங்கள் டைப் செய்து வைத்திருந்தீர்கள், நான் கையெழுத்துப் போட்டேன்.

ஸ்ரீப்ரியாவை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தினீர்கள். மறுநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஜன்னல் வழியாக அவளைப் பார்த்ததும் சுவரிலிருந்த படத்தைக் கிழியாமல் எடுத்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

"அங்கிள், மதின்னு பறஞ்ஞால் நிறுத்தணும்னு ஞான் சொன்னதல்லே?"

"ஓர்மை இல்லை" என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். பசை ஒட்டியிருந்த நாலு மூலை அங்கே தெரிந்தது. சுஜாவுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். இன்னும் அவளுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கவில்லை என்று கேள்வி. கிளப்பிலிருந்து அவள் மேல் குற்றம் எழுதி அனுப்பினால் யார் வைப்பார்கள்?

ஆகவே எழுதுகிறேன். இரண்டு தடவையும் செய்தது நான். பரமசிவம் மகன் தாணுமாலையன், வயது அறுபத்தெட்டு. ஸ்ரீப்ரியா மேல் ஒரு குற்றமும் இல்லை. அவள் வரைந்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதில் சிவப்புக் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவளை மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டும். என்னைப் போலீஸில் கொடுக்க வேண்டும் என்றால் கொடுக்கலாம்.

சுஜா மூன்றாவது தடவையும் எழுந்துவிட்டாள். ஜூன் பிறந்துவிட்டது. திங்கட்கிழமை காலை அவளுக்கு ரயில். இந்த ஆள் எடுப்பில் இதுதான் கடைசி வாய்ப்பு என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். கிளப்பில் புது ஃபிசியோ வந்திருக்கிறாராம், இவள் போகவில்லை. "இனி அப்பா பிடிச்சா மதி. வேற ஆரும் என் காலைத் தொடாண்டாம்" என்கிறாள். அதற்குப் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

எழுதி முடித்ததில் பெரிய பாரம் இறங்கினது மாதிரி இருக்கிறது. இனி அவளுக்கு என் கையால் ஒன்றும் வராது. இந்தக் கடிதத்தைச் செவ்வாய்க்கிழமை நானே கொண்டுவந்து தருகிறேன். அதற்கு முன்னால் தந்தால் அவள் மனசு கலங்கும், ஓட்டம் கெட்டுப்போகும்.

இன்றைக்குச் சனிக்கிழமை, மணி ஆறு. உள்ளே பாய் விரிக்கிற சத்தம் கேட்கிறது. "அப்பா, வாங்க, நேரமாச்சு" என்று கூப்பிடுகிறாள். மழை பெய்கிறது. நடக்க வேண்டாம், நேரே படு என்று சொல்லிவிட்டேன்.