பச்சைக் கட்டம்

கேமராவைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள் ஐயா. ஃபேன் காற்றுக்கு மேசைத் தூசியெல்லாம் லென்ஸில் ஏறும், நம்ம கரிசல் புழுதி பொல்லாதது. கைக்கு அடக்கமான மிரர்லெஸ் ரகம். ஓடிக்கொண்டே வீடியோ எடுத்தாலும் ஆடாது, படம் எடுத்தால் சத்தமே வராது. திருச்சுழி வட்டாரத்தில் இதை முதலில் வாங்கியவன் நான்தான்.

வாங்கவைத்த புண்ணியவான் பொன்னுச்சாமி அண்ணாச்சி. பரளச்சியில் மல்லி, வத்தல் மொத்த வியாபாரம். அவர் மகள் கிருஷ்ணப்ரியா கல்யாணத்தைப் பழைய கேமராவில் எடுத்தேன். தாலி கட்டுகிற படத்தில் பெண் கண்ணை மூடிவிட்டது. ஓமப் புகை ஐயா, நீங்களும் நானும் உட்கார்ந்திருந்தாலும் மூடத்தான் செய்வோம். அண்ணாச்சி ஆல்பத்தைக் கடைவாசலில், மூட்டை இறக்க வந்த சனம் அத்தனைக்கும் விரித்துக் காட்டினார்.

"ஏலே காளீஸ்வரா, கண்ணு மூடியிருந்தா அது கல்யாணப் படமாலே? இனிமே நீ எழவு வீட்டுக்கு மட்டும் போ. அங்கதான் ஒருத்தரும் கண்ணைத் தொறக்க மாட்டாக."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரிய மனிதர் தமாஷ் பண்ணினால் சிரிப்பதுதானே மரியாதை. அதற்கப்புறம் ஒரு கல்யாண வேலையும் வரவில்லை. 'எழவு காளி' என்ற பட்டம் மட்டும் வந்தது.

அதனால்தான் இதை வாங்கினேன். ஆள் கண்ணைத் திறந்திருந்தால் தானே தேடிப் பிடித்து, திரையில் கண்மேல் பச்சைக் கட்டம் போடும். மூடியிருந்தால் கட்டம் முகத்தோடு நின்றுவிடும்.

போன மாதம் அண்ணாச்சி தூக்கத்திலேயே போய்விட்டார் என்று காலையில் ஆள் வந்தது. அவர் சொன்னபடியே எழவு வீட்டுக்குப் போனேன். சென்னையிலிருந்து மகள் வரவேண்டும் என்று அருப்புக்கோட்டையிலிருந்து ஐஸ் பெட்டி வரவழைத்து, அப்போதுதான் உள்ளே கிடத்தியிருந்தார்கள். கண்ணாடி வழியாக முகத்தை வீடியோ எடுத்தேன். பச்சைக் கட்டம் முகத்தில் நின்றது. பிறகு கண்ணுக்குத் தாவியது.

கேமராதான் கோளாறு பண்ணுகிறது என்று நினைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இமை நூலளவு விலகியிருந்தது. கருவிழி மெதுவாக என் பக்கம் திரும்பியது. மூக்குக்கு நேரே கண்ணாடியில் சின்னதாக ஆவி படிந்து, மறைந்து, மறுபடி படிந்தது. கட்டுவிரியன் கடித்தால் உயிர் இருக்கும்போதே உடம்பு அசையாமல் போகும் என்று, வீடியோவைப் பார்த்த டாக்டர் சொன்னாராமே. எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆவி தெரியும்.

அவர் மனைவி ராமலட்சுமி மதினிக்கும் கண்ணில் பட்டது. "ஏந்தம்பி, கண்ணாடியில என்னமோ ஆவி படியுதே?" என்று கேட்டார்.

"ஐஸ் பெட்டியில்ல மதினி, அப்படித்தான் படியும்."

மேலே கிடந்த ரோஜா மாலையை அந்த இடத்துக்கு நகர்த்தி வைத்தேன். பார்வைக்கும் எடுப்பாக இருந்தது. பந்தல் போட்டாயிற்று, மேளக்காரர்கள் வந்தாயிற்று, மகள் பாதி வழி வந்தாயிற்று. இத்தனை பேர் ஏற்பாட்டைக் கெடுக்க நான் யார்? எழுந்து உட்கார்ந்தால் முதலில் என் படத்தைத்தான் குறை சொல்வார். கண் தேடும் வசதியை அணைத்துவிட்டு, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்ததிலிருந்து சுடுகாட்டில் தீ வைத்தது வரை ஒழுங்காக எடுத்துக் கொடுத்தேன்.

அந்த இடத்தை மட்டும் கார்டிலிருந்து அழித்தேன். இந்தக் கேமராவில் இரண்டு கார்டு போடலாம், ஒன்றில் பதிவது இன்னொன்றிலும் பதியும். பெருமைக்கு ஊரெல்லாம் சொன்னவன், அன்றைக்கு மறந்துவிட்டேன். அழிக்காத கார்டை மதினி கையிலேயே கொடுத்திருக்கிறேன். கிருஷ்ணப்ரியா அதை வீட்டு டிவியில் போட்டுப் பார்த்திருக்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. உயிர் இருப்பது தெரிந்துதான் எரிக்க விட்டேன். ஆனாலும் தொழிலில் நான் குறை வைக்கவில்லை. பாடை கிளம்பியபோது கிருஷ்ணப்ரியாவுக்காக அந்தக் கண் தேடும் வசதியை மறுபடி போட்டேன். இமைமயிர் எண்ணலாம், அப்படி ஒரு தெளிவு. இந்தத் தடவை பெண் கண்ணை மூடவேயில்லை. அதைப் பார்க்கத்தான் அண்ணாச்சிக்குக் கொடுத்துவைக்கவில்லை.