பத்தாவது டிக்

அய்யோ, அந்தப் பட்டனை இன்னும் அமுக்காதீங்கண்ணா. மொதல்ல நான் சொல்றதைக் கேளுங்க, அப்புறம் அமுக்கலாம். சமோசாவைச் சாப்புடுங்க, உங்களுக்குத்தான், ஆறிப்போயிரும்.

நான் கவிப்ரியாங்கண்ணா. நீங்க பக்கத்து கம்பெனில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறீங்கல்ல, வெங்கடப்பண்ணா? அப்ப உங்களுக்கு இது சப்பை மேட்டரு. இது கேம் செய்யக் கத்துக்கற பசங்களுக்கான சாஃப்ட்வேரு. இந்தக் கோழி இருக்குதுங்களா, அது கூண்டுக்குப் போவணும். நடுவுல செவுரு, சேறு எல்லாம் இருக்குது. கம்ப்யூட்டரே வழி தேடிக் குடுக்கும். அது எப்படித் தேடுதுன்னு புதுசா வர்றவங்களுக்குப் புரியற மாதிரி காட்டணும். அவ்ளோதான் வேலை.

இதை எழுதுன ஹரீஷ்குமாரு மொதல்ல ஸ்க்ரீன்ல கோழி நடக்கற ஒவ்வொரு கட்டத்துலயும் நம்பர் போட்டிருந்தாரு. பாத்தவங்களுக்குத் தலை சுத்துச்சு. எங்க முதலாளி முனிராஜ் சாரு, நம்பரைத் தூக்கு, கலர் போடுன்னாரு. பச்சை எதுக்கு, செவப்பு எதுக்குன்னு கேட்டாங்க. கலரையும் தூக்கியாச்சு. இப்ப பட்டனை அமுக்குனா கோழி போவும், கைதட்டற சத்தம் வரும். இதைவிட எளிமையா எவனாலயும் பண்ண முடியாதுங்கறாரு சாரு. ஹரீஷ்குமாரு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு போன மாசமே பெங்களூர் போயிட்டாரு.

சாரு இருவது வருசம் ஃபேக்டரில குவாலிட்டி பாத்தவருங்க. அவருக்கு எல்லாமே ஃபாரம்தான். விசயமே தெரியாத பத்துப் பேரு, புரிந்ததுன்னு டிக் அடிக்கணும். ஒம்போது ஆச்சு, நீங்க பத்தாவது. நீங்க அடிச்சுட்டா நாளைக்கே என்னைப் பர்மனன்ட் ஆக்கிருவாரு. இல்லைன்னா பழையபடி லைன்ல நின்னு வயர் சொருகணும். நான் வேற பர்மனன்ட் ஆயிருச்சுன்னு ஊத்தங்கரைல எங்கம்மாகிட்ட சொல்லித் தொலைச்சுட்டேன்.

ம், அமுக்குங்க. போயிருச்சு பாத்தீங்களா! இந்தாங்க பேனா.

என்னது? சேத்து வழிதானே பக்கம், அப்புறம் ஏன் சுத்திப் போச்சுன்னு கேக்கறீங்களா? கோழிக்குச் சேறு புடிக்காதுங்கண்ணா. அது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்னா... எவ்ளோ சேறு இருந்தா சுத்தும், எவ்ளோ தூரம்னா சேத்துலயே எறங்கும்னா... அட, என்னண்ணா இப்படிக் குடையறீங்க! ஒம்போது பேருல ஒருத்தராச்சும் இதைக் கேட்டாங்களா? கேன்டீன் பூங்கொடியக்கா மானிட்டர் பக்கமே திரும்பல. டிக் அடிச்சுட்டு ரெண்டு சமோசாவை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

உங்க கம்பெனிலயும் சேஃப்டி ட்ரெயினிங் குடுத்துட்டு, புரிஞ்சுதுன்னு கையெழுத்து வாங்குவாங்கல்ல? எல்லாம் புரிஞ்சுதான் போடறீங்களா? சிரிக்கறீங்க பாருங்க. அதே மாதிரி இதுலயும் போடுங்களேன்.

மாட்டீங்களா? தெரியாம எப்படிப் போடறதுன்னா நான் என்னத்தைச் சொல்றது. எனக்கு அழுகையே வருதுங்கண்ணா. ஹரீஷ்குமாரு போனே எடுக்க மாட்டேங்கறாரு. சாருகிட்ட கேக்கவும் முடியாது.

ஏன்னா, மூணு மாசம் முன்னாடி ஷிஃப்ட் முடிஞ்சு சிப்காட் பஸ் ஸ்டாப்புல நின்னவளை இப்படித்தான் கூட்டியாந்து இந்தச் சேர்ல உக்கார வெச்சாங்க. அந்த ஒம்போதுல மொதல் டிக்கு என்னுதுதாண்ணா. நம்பரெல்லாம் இருந்தப்பவே இந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சிருச்சேன்னு சாரு அசந்துபோயி, மத்தவங்களுக்கு இனி நீயே புரிய வைம்மான்னு வேலை குடுத்துட்டாரு.