பனிக்குள்ளே வரும் படகு

— சரியா வரல. பத்து வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துட்டு எதுக்கு இப்ப பிசினஸ் ஸ்கூல்னு கேட்டா, "என் திறமைகளை விரிவுபடுத்த"ன்னு ஒப்பிக்கிற. இஸ்திரி போட்டுட்டிருக்கற எனக்கே கொட்டாவி வருது.

— நீங்க படகு ஓட்டறவர், கேப்டன். இன்டர்வியூ எடுக்கறவங்க கொட்டாவியெல்லாம் விட மாட்டாங்க. காலரை நல்லா அழுத்தித் தேய்ங்க.

— அட, அவங்களும் மனுஷங்கதானே? புருஷன் கேக்கறான்னு நினைக்காத. மறுபடி சொல்லு. ஏன் போற?

— உண்மையைச் சொல்லட்டுமா?

— அதைத்தானே கேக்கறேன், கம்ப்யூட்டரம்மா.

— எந்தப் படகுல எவ்வளவு பேர் ஏறறாங்கன்னு நம்ம கம்பெனிக்குக் காட்டற புரோகிராம் நான் எழுதினது. அதைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிப் படகுத்துறைக்குப் போற சாயங்காலப் படகை நிறுத்தினாங்க. ஆள் கம்மியாம். கம்மிதான். ஆனா ஏறினவங்க பூரா, படுத்திருக்கறவங்களைப் பார்த்துட்டுத் திரும்பறவங்க. மாடில மீட்டிங் நடக்கறப்ப உள்ள போய்ச் சொன்னேன். "இது பிசினஸ்மா, நீங்க உங்க புரோகிராமைப் பாருங்க"ன்னுட்டார் மேனேஜர்.

— பாரேன். என்கிட்டகூட நீ இப்படிச் சொன்னதில்ல.

— அந்த மீட்டிங்ல எனக்கும் ஒரு நாற்காலி வேணும். அவ்ளோதான்.

— நாற்காலி கிடைச்சப்புறம்?

— சிரிக்கக் கூடாது.

— சிரிச்சா ஏன்னு கேளு.

— அப்புறம் நாமளே ஒரு படகுக் கம்பெனி. சின்னதா. விடியக்காலைல தண்ணி மேல பனி படுத்திருக்கும்ல, அதுக்குள்ள சத்தமே இல்லாம ஒரு படகு வரணும். பேட்டரில ஓடறது.

— பாரேன்! நம்ம இஞ்சின் சத்தத்துல மீனெல்லாம் பாதி செவிடு. அதுங்க உன்னைக் கும்பிடும்.

— கேளுங்களேன். ஜன்னல் தாழ்வா இருக்கும். குழந்தைங்க உக்காந்தபடியே தண்ணியைத் தொடலாம்.

— தொட விட மாட்டேன். பார்க்கலாம்.

— சரி, பார்க்கலாம். ஆஸ்பத்திரில வேலை முடிச்சுட்டு வர்ற நர்ஸுங்க சாஞ்சு தூங்க ஒரு மூலை.

— தூங்கிட்டா இறங்கற துறை போயிடுமே?

— போகட்டும். இன்னொரு சுத்து கூட்டிட்டுப் போவோம். டிக்கெட் கேக்க மாட்டோம்.

— அம்மா தாயே, இதை மட்டும் நாளைக்கு அங்க சொல்லிடாத. வாசலோட அனுப்பிடுவாங்க. சரி, படகு என்ன கலர்?

— வெள்ளை. விடியறப்ப பனியோட பனியா இருக்கும். பொழுது சாயறப்ப தானா ஆரஞ்சாயிடும். இப்ப நம்ம ஜன்னல்ல வெயில் விழுதே, இந்த மாதிரி.

— அதுல நான் எங்க இருக்கேன்?

— இதென்ன கேள்வி? முதல் படகு உங்களோடது.

— ம்.

— ஏன் குரல் இறங்குது? பயமா? எனக்கும்தான். இடம் கிடைச்சா ரெண்டு வருஷம் வேற ஊரு. குட்டிக்கு ஆறு வயசுதான் ஆகுது. நீங்க இருட்டோட படகு எடுக்கக் கிளம்பிட்டா, அவளுக்குத் தலை பின்னி ஸ்கூல் வேன்ல ஏத்தறது யாரு? அதுக்கொரு வழி தெரிஞ்சா, நிம்மதியா ரயில் ஏறுவேன்.

— நான் பின்னி விடறேன். ரெட்டைப் பின்னல்கூடப் பழகிக்கறேன்.

— படகு?

— வேனுக்கு வாசல் வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு...

— கேப்டன், என்னைப் பாருங்க. காலைப் படகை யாரு எடுப்பா?

— யாரும் எடுக்க மாட்டாங்க. என் படகையும் நிறுத்திட்டாங்க. இனிமே எனக்கு வேலை இல்லைன்னு இன்னைக்குக் கூப்பிட்டுச் சொன்னாங்க.

— என்ன சொல்றீங்க? அதே ஆபீஸ்லதானே நான் இருக்கேன். என் காதுக்கே வரலையே!

— உன் காதுக்கு வராமத்தானே எல்லாமே நடக்குது.

— அப்ப நாளைக்கு நான் போகல. உங்களை இப்படி விட்டுட்டு...

— போற. நான் வேலை கேட்டு வர ஒரு கம்பெனி வேணும்ல?