பள்ளி முற்றத்துப் பதினான்கு பாறைகள்

மதிப்பிற்குரிய போதகர் அவர்களே! நகர நிர்வாகத் தலைவர் டைஸ்டோ அவர்களே! சற்றுமுன் மனைவி கெர்ட்டுவை நல்லடக்கம் செய்துவிட்டு, இப்போது எல்லோருக்கும் காபி போதுமா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓலாவி அவர்களே! இந்த மழையிலும் திருச்சபைக் கூடத்தை நிறைத்திருக்கும் ஊர்ப் பெருமக்களே! வணக்கம். நான் உர்ஹோ. நகரத் தோட்டப் பிரிவில் கெர்ட்டு யுலிதாலோ அம்மையாரிடம் இருபத்தாறு ஆண்டுகள் திட்டு வாங்கியவன். இரண்டாவது கோப்பை காபி வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

பூங்காவில் அழகுக்குப் பாறை வைத்தால் ஊரே பாறையைப் பார்க்கும். மண்ணைப் பார்த்தவர் யார்? கெர்ட்டு! லாரி கல்லோடு வந்து நின்று ஹாரன் அடிக்கும். அவர் அசையமாட்டார். மேல்மண்ணை வாரச் சொல்வார், இடுப்பளவு தோண்டச் சொல்வார். அடிக் களிமண் ஜல்லியோடு கலக்காமலிருக்கத் துணி விரித்து, ஒரு சாண் ஜல்லி கொட்டி, திமிசுக் கட்டையால் குத்தி இறுக்கி, மறுபடி ஒரு சாண், மறுபடி திமிசு. கடைசியில் ரப்பர் பூட்ஸின் குதிகாலை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றுவார். தடம் விழுந்தால் தொலைந்தோம்.

"இன்னும் வேகல உர்ஹோ. ஒரு காபி குடிச்சிட்டு வந்து மறுபடியும் குத்து" என்பார். ஒரே நாளில் ஒன்பது காபி குடித்திருக்கிறேன், ஐயா. அன்று இரவு எங்கே தூங்குவது?

எதற்கு இத்தனை பாடு? நம் ஊர்க் குளிர் நமக்குத் தெரியாதா? களிமண் குடித்த தண்ணீர் உறைந்து பொங்கினால், மேலே இருக்கும் கல் சும்மா இருக்குமா? தெரிந்தும் நான் தவறினேன். நூலக வாசல் கதை உங்களுக்குத் தெரியும். பாதிதான் தெரியும், மீதியை இன்று சொல்கிறேன்.

அந்த நவம்பரில் கெர்ட்டு இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் போயிருந்தார். பனி விழுமுன் பதினோரு பாறைகளை வைத்தாக வேண்டும். நான் ஒரு சாண் மட்டும் சுரண்டி, துணியைப் போட்டு, கூழாங்கல்லைத் தூவி, பாறைகளை ஏற்றிவிட்டேன். கல்யாண வீடு மாதிரி இருந்தது. செய்தித்தாளில் என் படம்கூட வந்தது. மே மாதம் பனி உருகியபோது பதினொன்றும் குடிகாரர்கள் போலச் சாய்ந்து நின்றன. ஒன்று உருண்டுபோய்க் கதவை அடைத்துக்கொண்டது. உள்ளே இருந்த நூலகர் ஜன்னல் வழியாக இறங்கி வந்தார். சிரியுங்கள், கெர்ட்டுவும் சிரித்தார்.

நான் என்ன செய்தேன்? உருண்டைக் கல்லாக அனுப்பிவிட்டார்கள் என்று அலுவலகத்தில் புளுகினேன். கெர்ட்டு கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். குழிக்குள் ஒரு பார்வை பார்த்தார்.

"கல்லைத் திட்டாதப்பா. நீ வச்ச எடத்துலதான் அது உக்காந்துச்சு. மண்ணுதான் எந்திரிச்சிருச்சு" என்றார்.

அலுவலகத்தில் என் பெயரைச் சொன்னாரா? இல்லை. எங்கள் வேலையில்தான் குறை, நாங்களே எடுத்துப் போடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, இலவங்கப்பட்டை பன்னைக் கடித்துக்கொண்டே ஒன்பது நாள் என்னை வேலை வாங்கினார். நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை. இருபது குளிர்காலம் போய்விட்டது. அந்தப் பதினொன்றில் ஒன்றாவது அசைந்ததா? நீங்களே சொல்லுங்கள்!

இப்போது பள்ளி முற்றம். குழந்தைகள் ஏறி விளையாடப் பதினான்கு பாறைகள் வந்து சுவரோரம் காத்திருக்கின்றன. கெர்ட்டு பாதித் தரையைத் தயார் செய்துவிட்டுப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. மீதிப் பாறைகளை அப்படியே மேலே வைத்துவிடலாமா, வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாமா என்று தலைவர் என்னிடம் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அழைப்பிதழ் போய்விட்டதே என்ற கவலை அவருக்கு. நான் தலையைச் சொறிந்துகொண்டு வந்துவிட்டேன்.

இதோ பதில், தலைவரே. முடியாது. ஒரு டன் கல் சாய்ந்தால், அதன்மேல் ஏறி நிற்பது யார் வீட்டுப் பிள்ளை? இடுப்பளவு தோண்டாமல் ஒரு பாறையும் என் கையால் இறங்காது. நான் ஒருவன் தோண்டினால் மூன்று வாரம் ஆகும். ஊரே தோண்டினால்?

திங்கட்கிழமை காலை ஏழு மணி, பள்ளி முற்றம். அவரவர் மண்வெட்டியோடு யார் யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள். ஓலாவி அவர்களே, நீங்கள் காபிக்கு மட்டும் பொறுப்பு. பின்வரிசை? நல்லது, நல்லது. தலைவரே, அது கைதானே? நன்றி. ஆனால் அந்தப் பளபளப்பான ஷூவோடு வந்தால் குழிக்குள் விடமாட்டேன்.