தடுப்பணையில் சத்தம் குறைந்தபோது

இரவு இரண்டு மணி நாற்பது நிமிடம். ஆற்றங்கரையை ஒட்டிய மண் சாலை. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் முள்வேலி. அந்தச் சாலையில் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு. கையில் டார்ச். அவரை யாரும் துரத்தவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. தூக்கத்திலிருந்து அவரை எழுப்பியது ஒரு சத்தம் அல்ல... சத்தம் குறைந்ததுதான்.

இது பரிசோதனைக் கூடத்தில் என்னுடன் வேலை பார்க்கும் தோழியின் சித்தப்பாவுக்கு நடந்தது. அவள் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். விடுதியில் மின்சாரம் போன ஒரு மழை இரவில், ஐந்து பேர் ஒரே கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தபோது, பேய்க் கதை சொல்ல என் முறை வந்ததால் நான் இதைச் சொன்னேன். அவள் சொன்னது போலவே அவர்களைச் சித்தப்பா, சித்தி என்றே சொல்கிறேன்.

சித்தப்பாவுக்குத் தடுப்பணையில் காவலர் வேலை. ஆற்றின் குறுக்கே ஒரு கான்கிரீட் சுவர், அவ்வளவுதான். ஆள் உயரம்கூட இல்லை. தண்ணீர் அதன் மேல் கண்ணாடித் தகடு போல வழிந்து மறுபுறம் விழும். கொஞ்சம் தள்ளி ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீடு. காலையிலும் மாலையிலும் அளவுக் கல்லில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து மேலதிகாரிக்குப் போனில் சொல்ல வேண்டும். சுவரில் வந்து மாட்டும் கட்டைகளைக் கொக்கியால் தள்ளிவிட வேண்டும். பதினாறு வருடங்களாக அந்த இரைச்சலில்தான் சித்தப்பாவும் சித்தியும் தூங்கினார்கள்.

இரைச்சல் இருந்தால் பயமில்லை. கீழே ஆறு தாழ்ந்து ஓடுகிறது, தண்ணீர் உயரத்திலிருந்து விழுகிறது என்று பொருள். சத்தம் குறைந்தால்தான் பயப்பட வேண்டும். கீழ்ப்பக்கத்துத் தண்ணீர் சுவரின் பாதி வரை ஏறிவிட்டது என்று பொருள். பார்ப்பதற்கு அமைதியாக, வந்து குளி என்று கூப்பிடுவது போல இருக்கும். ஆனால் விழுகிற தண்ணீர் அடிக்குப் போய், சற்றுத் தள்ளி மேலே கிளம்பி, மேற்பரப்பில் மறுபடி சுவரை நோக்கியே திரும்பி வரும். படுத்த உருளை சுற்றுவது போல. அதற்குள் விழுந்த பொருள் வெளியே போகாது. ஒரு பிளாஸ்டிக் கேன் எட்டு நாட்கள் அதே இடத்தில் சுற்றியதைச் சித்தப்பா பார்த்திருக்கிறார்.

"பேய்க் கதை சொல்லச் சொன்னா பிசிக்ஸ் கிளாஸ் எடுக்கிறாளே" என்றாள் எங்கள் அறையில் தங்கியிருந்த நர்ஸ்.

"நீ கம்முனு இருடி. கரண்ட் வர்றதுக்குள்ள சொல்லி முடிக்கட்டும்" என்றாள் ஜன்னல் பக்கம் இருந்தவள்.

காவலர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இரண்டே விஷயம்தான். ஒன்று, யார் விழுந்தாலும் நீ இறங்காதே. காப்பாற்றப் போனவர்தான் முதலில் போவார். இரண்டு, நீயே விழுந்துவிட்டால் மேலே வரப் பார்க்காதே. மூச்சை அடக்கிக்கொண்டு அடிக்குப் போ. அடியில் ஓடுகிற தண்ணீர் மட்டும்தான் வெளியே போகிறது.

சித்திக்கு ஒரே தம்பி. மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். சித்தி தம்பி என்று கூப்பிடுவதால் எல்லோருக்கும் அவர் தம்பிதான். கையில் எப்போதும் காயில் வார்னிஷ் வாசனை. எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. இடுப்பில் அகலமான தோல் பெல்ட், அதில் ஒரு டெஸ்டர். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்காவைப் பார்க்க அக்கரையிலிருந்து வருவார். பாலத்தைச் சுற்றி வந்தால் முக்கால் மணி நேரம். தடுப்பணைச் சுவர் மேல் நடந்தால் மூன்று நிமிடம். அதனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவர் மேலேயே நடந்து வருவார்.

"பாலத்துப் பக்கமா வாடான்னா கேக்குறியா நீ?" என்பார் சித்தப்பா.

"கணுக்கால் தண்ணி மாமா. இதுல விழுந்து செத்தா மீனே என்னைப் பாத்துச் சிரிக்கும்."

"அவன்கிட்டப் போய்ச் சொல்றீங்களே" என்பாள் சித்தி. "பொறக்கும்போதே காதைக் கழட்டி வெச்சிட்டு வந்தவன். இன்னிக்கு வரைக்கும் யார் பேச்சைக் கேட்டிருக்கான்?"

அன்றும் கணுக்கால் தண்ணீர்தான். மாலை ஐந்தரை மணி. வெளிச்சம் இருந்தது. எங்கேயோ மழை பெய்து, அணைக்குக் கீழே வந்து கலக்கும் ஓர் ஓடை பெருகி, கீழ்ப்பக்கத்துத் தண்ணீர் சுவரை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. சத்தம் குறைந்ததைக் கேட்டுச் சித்தப்பா கயிற்றோடு வெளியே வந்தார். தம்பி சுவரின் நடுவில் இருந்தார். கையில் செருப்பு. சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தார்... பாசியில் கால் வழுக்கியது.

முதலில் செருப்புதான் மிதந்தது. பிறகு தலை. நன்றாக நீச்சல் தெரிந்தவர். கரையைப் பார்த்து நீந்தினார். தண்ணீர் அவரைச் சுவருக்கே கொண்டுபோனது. சுவரடியில் தண்ணீர் தலையில் விழுந்து அமுக்கியது. மறுபடி வந்தார். மறுபடி போனார். சித்தப்பா மூன்று முறை கயிற்றை வீசினார். மூன்று முறையும் கயிறும் சுவரைப் பார்த்தே போனது.

"அடிக்குப் போ! மேல வராத! அடிக்குப் போடா!"

தொண்டை கிழியக் கத்தினார். தம்பிக்குக் காது கேட்டதா என்று தெரியவில்லை. ஐந்தாவது முறை தலை வெளியே வரவில்லை.

சித்தி அதற்குள் ஓடி வந்து கரையில் நின்றிருந்தாள். அவள் பார்த்தது ஒன்றைத்தான். தன் கணவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓர் அடிகூடத் தண்ணீரில் இறங்கவில்லை.

மூன்று நாட்கள் கழித்துத்தான் உடலை எடுக்க முடிந்தது. அதன் பிறகு சித்தி சித்தப்பாவோடு பேசவில்லை. சண்டை இல்லை. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு இருக்கும், தட்டு போட்டு மூடியிருக்கும். ஏதாவது சொல்லியே தீர வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். "காஸ் தீந்துடுச்சு." "போன் அடிக்குது." சித்தப்பாவும் போகப் போகச் சுவருக்கே பதில் சொல்லப் பழகிவிட்டார்.

ஒரு வருடமும் இரண்டு மாதமும் இப்படியே போயின.

அந்த இரவு இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் சித்தப்பாவுக்கு விழிப்பு வந்தது. இருட்டு. இரைச்சல் இல்லை... தொட்டி நிரம்பி வழிவது போல மெல்லிய சலசலப்பு மட்டும். கையை நீட்டினார். பக்கத்தில் சித்தி இல்லை. படுக்கை சூடு ஆறியிருந்தது. கதவு திறந்து கிடந்தது.

அப்போதுதான் அவர் அந்தச் சாலையில் ஓடினார்.

சுவரின் கீழ்ப்பக்கம் தண்ணீர் வரை போகும் படிகள் உண்டு. சித்தி கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். பாதம் தண்ணீருக்குள். டார்ச் வெளிச்சம் பட்டும் திரும்பவில்லை.

"எழுந்து வா. வழுக்கும்."

"கூப்பிடுறான்" என்றாள் சித்தி, தண்ணீரைப் பார்த்து. "ஒரு மாசமா கூப்பிடுறான். சத்தம் அடங்கினா நல்லா கேக்குது. வேற யாருக்கும் கேக்கலை போல."

சித்தப்பா காது கொடுத்துக் கேட்டார். சலசலப்பு. தவளைகூடக் கத்தவில்லை. ஈர சிமெண்டின் வாசனை. அவருக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

"அதோ, கையை நீட்டுறான்" என்று சொல்லிவிட்டுச் சித்தி தன் கையை நீட்டினாள்.

அவள் குதிக்கவில்லை. அதைத் தோழி அழுத்திச் சொன்னாள். எட்டிப் பிடிக்கப் பார்த்தாள், அவ்வளவுதான். படியில் பாசி; வழுக்கி உள்ளே போனாள்.

கயிறு வீட்டில் இருந்தது. பதினாறு வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் சித்தப்பாவுக்கு அப்போது நினைவில் இருந்ததா இல்லையா... தெரியாது. டார்ச்சோடு குதித்தார்.

உள்ளே குளிர். மேல் எது, கீழ் எது என்று புரியவில்லை. கையிலிருந்து நழுவிய டார்ச் அணையாமல் அவரோடு சேர்ந்து சுற்றியது. வெளிச்சம் வந்தது, போனது, வந்தது. ஒரு முறை முகம் வெளியே வந்தது. பாதி மூச்சு. தண்ணீர் தலையில் விழுந்தது. அவருக்கு எல்லாம் தெரியும். அடிக்குப் போக வேண்டும். ஆனால் உடம்பு கேட்கவில்லை. உடம்பு மேலேதான் போகப் பார்த்தது. அடுத்தவருக்குக் கத்திச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்ததாம்.

இரண்டாவது முறை முகம் வெளியே வரப்போகும் நேரம்... உச்சந்தலையில் இரண்டு கைகள்.

விரல்களைத் தனித்தனியாக உணர்ந்தார். அழுத்தமான கைகள். அவை அவரைக் கீழே அமுக்கின. உதறினார். விடவில்லை. பழி தீர்க்கிறான் என்றுதான் நினைத்தார். நியாயம்தான் என்றும் நினைத்தார். உதறுவதை நிறுத்தினார்.

பிறகு முழங்கால் கான்கிரீட்டில் உரசியது. ஒரு கை இடுப்பைப் பற்றி ஒரு பக்கமாக இழுத்தது. அதன் பிறகு தண்ணீர் நேராக ஓடியது.

நாற்பது மீட்டர் தள்ளி, நாணல் வளர்ந்த மேட்டில் அவர் கரையேறினார். சித்தி ஏற்கெனவே அங்கே கல்லின் மேல் குப்புறக் கிடந்து இருமிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தாள். அவர் தவழ்ந்து பக்கத்தில் போனார். வெகுநேரம் இருவரும் மூச்சு மட்டும் வாங்கினார்கள்.

"என்னங்க" என்றாள் சித்தி.

ஒரு வருடம் இரண்டு மாதத்துக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை.

"தலையில ரெண்டு கையையும் வெச்சு அமுக்கினான். என்னையும் கூட்டிட்டுப் போறான்னுதான் நெனச்சேன்." ஈரக் கூந்தலை முன்னால் இழுத்து அவரிடம் நீட்டினாள். "மோந்து பாருங்க."

வார்னிஷ் வாசனை.

"அடிக்குப் போனாத்தான் வெளிய வர முடியும்" என்றார் சித்தப்பா. "அன்னிக்கு நான் அதைத்தான் கத்திட்டு இருந்தேன்."

சித்தி யோசித்தாள்.

"அது சரி. கீழ போனதும் இடுப்பைப் பிடிச்சு இடது பக்கமா இழுத்தானே... அது எதுக்கு? வலது பக்கம் என்ன இருக்கு?"

அந்தக் கை அவரையும் இடது பக்கமாகத்தான் இழுத்திருந்தது.

அதுவரை சித்தப்பா யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. உடலை எடுத்த முக்குளிப்பவர் கரையேறி அவரைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னது. அடித்தளத்தின் வலது பக்கத்தில் ஓரிடத்தில் கான்கிரீட் பெயர்ந்து, நான்கு இரும்புக் கம்பிகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. அது யாருக்கும் தெரியாது. உடல் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. அடியில் இருந்தது. பெல்ட் ஒரு கம்பியில் மாட்டியிருந்தது.

தம்பிக்குக் காது கேட்டிருக்கிறது. சித்தப்பா சொன்னபடியே அடிக்குப் போயிருக்கிறார்.

சித்தப்பா இதையெல்லாம் நாணல் மேட்டில் உட்கார்ந்து சொன்னார். இருட்டாக இருந்ததால் சொல்ல முடிந்தது. சித்தி கூந்தலைப் பிழிந்துகொண்டே கேட்டாள். பிழிந்து முடித்த பிறகும் கை பிழிந்துகொண்டிருந்தது.

"யார் பேச்சையும் கேக்காதவன்" என்றாள் கடைசியில். "உங்க பேச்சைக் கேட்டிருக்கான்."

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று சித்தப்பாவுக்கு இன்று வரை தெரியவில்லை. சித்தி எழுந்திருக்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு சுவரோடு பேசவில்லை.

விடுதிக்கு வெளியே மழை விட்டிருந்தது. நர்ஸ் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள்.

"அந்தக் கம்பிங்க?" என்றாள் மெதுவாக. "அது இன்னும் அங்கயேதான் இருக்கா?"

சித்தப்பா மறுநாளே மேலதிகாரியைப் பார்க்கப் போனார். நான்கு மாதம் அலைந்தார். கோடையில் ஆற்றைத் திருப்பிவிட்டுத் தளத்தைக் காய வைத்தார்கள். இன்ஜினியர், கம்பி வெட்டுகிறவர், சித்தப்பா மூன்று பேரும் இறங்கினார்கள். சேறு நாறியது.

நான்கு கம்பிகள் இருந்தன. கட்டைவிரல் பருமன். ஆனால் முக்குளிப்பவர் சொன்னது போல நிற்கவில்லை. மூன்று கம்பிகள் தரையோடு தரையாக வளைந்து கிடந்தன.

"வெள்ளத்துல கட்டை ஏதாவது வந்து மோதியிருக்கும்" என்றார் இன்ஜினியர். பிறகு குனிந்து பார்த்தார். கம்பிகள் சாய்ந்திருந்த பக்கத்தைக் கையால் காட்டினார். அடியில் தண்ணீர் ஒரே திசையில்தான் ஓடும், சுவரிலிருந்து வெளியே. கட்டை மோதியிருந்தால் கம்பிகள் அந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இவை சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. ஓட்டத்துக்கு எதிராக.

நான்காவது கம்பி பாதிதான் வளைந்திருந்தது.

வெட்டுகிறவர் மெஷினை எடுத்தார். கரையில் நின்ற சித்தி "இருங்க" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி வந்தாள். நான்காவது கம்பியின் முன்னால் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினாள். சித்தப்பாவும் பக்கத்தில் மண்டியிட்டு அவள் கை மேல் கை வைத்து அமுக்கினார். இருவரும் மூச்சு முட்ட அமுக்கினார்கள். கம்பி ஒரு நூல்கூட அசையவில்லை.

"விடுங்கம்மா, கைய கிழிச்சிடும். துரு" என்றார் வெட்டுகிறவர்.

சித்தி கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் துரு ஒட்டவில்லை. கம்பி முழுக்கத் துரு ஏறியிருந்தது... அவள் பிடித்திருந்த இடத்தைத் தவிர. அங்கே, இரண்டு கைப்பிடி அகலத்துக்கு, இரும்பு தேய்ந்து பளபளவென்று இருந்தது.