குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்

படி ஏறி இறங்குவது உடம்புக்கு நல்லது என்பார்கள். எங்கள் சிகிச்சை நிலையத்துக்கு வந்தவர்களில் சிலர் மற்றவர்களைவிட அதிகமாகவே ஏறி இறங்கினார்கள். தண்ணீர் வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா, இருக்கட்டும். நானாகத்தான் வந்தேன், நானே சொல்லிவிடுகிறேன். பூட்டுக்காரரின் அக்காவை நீங்கள் பிடித்து வைத்திருப்பது சரியில்லை. பாவம், சொன்னதைச் செய்தவர் அவர். சொன்னவன் நான்.

எங்கள் நிலையத்தில் கீழ்த்தளம் குடியை விட வருகிறவர்களுக்கு, மாடி மனநோய்க்கு. நான் மேலாளர். யாரை எங்கே சேர்ப்பது என்பது என் பொறுப்பு. காதில் குரல் கேட்கிறவர்களைக் கீழே சேர்ப்பதில்லை, மற்றவர்கள் மிரண்டுபோவார்கள். குடிக்கிறவர்களை மாடியில் சேர்ப்பதில்லை, மாத்திரை வீண். இரண்டும் உள்ளவர் வந்தால் கீழே இருப்பவர்கள் மேலே கைகாட்டுவார்கள், மேலே இருப்பவர்கள் கீழே. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வாசலில் பெரிய பலகை வைத்திருக்கிறோம்: 'இங்கே சேர்ந்த அனைவரும் குணமடைந்தார்கள்.' அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. சேர்க்கும்போது கவனமாக இருந்தால் குணமாக்குவது பெரிய வித்தையே இல்லை ஐயா.

பூட்டுக்காரருக்குக் கடைத்தெரு மூலையில் சின்னக் கடை. கெட்டிக்காரர். என் மேசை இழுப்பறை ஒருமுறை சிக்கிக்கொண்டபோது, சிகிச்சைக்கு வந்த இடத்தில் அதை வெறும் கம்பியால் திறந்து கொடுத்தார். அவர் காதில் ஒரு குரல் 'பூட்டலை, பூட்டலை' என்று சொல்லிக்கொண்டே இருக்குமாம். எழுந்து போய்ப் பார்ப்பார், பூட்டியிருக்கும். வந்து உட்கார்ந்தால் மறுபடியும் 'பூட்டலை'. குடித்தால் குரல் அடங்கும். போதை தெளிந்தால் வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும். மறுபடி குடிப்பார்.

"கீழ போனா மேல போங்கறாங்க, மேல போனா கீழ போங்கறாங்க. நடுப்படியிலயே ஒரு கட்டில் போட்டுக் குடுங்க சார், நான் பாட்டுக்குப் படுத்துக்கறேன்" என்றார் ஒருநாள். நன்றாகச் சிரித்தேன். அந்த நிலைமையிலும் வேடிக்கையாகப் பேசத் தெரிந்த மனிதர்.

அவருடைய அக்கா சிரிக்கவில்லை. "எனக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன்தான் சார். ஏதாவது ஒரு எடத்துல சேத்துக்கங்க" என்று என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கும் மனசு கேட்கவில்லை.

மாடியில் ஒரு சின்ன டாக்டரம்மா இருந்தார். "குடியும் குரலும் ஒரே ஆளுக்குத்தான சார் வந்திருக்கு? ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும். சேருங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். சொல்வது சுலபம். இவரை உள்ளே சேர்த்தால் ஊரில் உள்ள மத்தளமெல்லாம் எங்கள் வாசலில் வந்து நிற்கும். பாதிப் பேர் மறுபடியும் குடிப்பார்கள். அப்புறம் அந்தப் பலகையை எந்த முகத்தோடு மாட்டி வைப்பது? குடியை நிறுத்திவிட்டு வரட்டும், சேர்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"மருந்து இல்லாம வீட்டுல திடீர்னு நிறுத்தக் கூடாது சார். வலிப்பு வரும். உயிரே போயிடும்" என்றார் அவர்.

விவரமான பெண். வெளியூர் முகாம்களுக்கு அப்படிப்பட்டவர்கள்தான் தேவை என்று மறுநாளே மாற்றிவிட்டேன்.

பிறகு அக்காவைக் கூப்பிட்டு, தம்பியை ஓர் அறையில் போட்டுப் பூட்டுங்கள், ஒரு சொட்டு கொடுக்காதீர்கள், குடி நின்றதும் கூட்டி வாருங்கள், மாடியில் இடம் தருகிறேன் என்று விளக்கினேன். "அவன் எந்தப் பூட்டையும் தெறந்துடுவானே சார்" என்றார். கதவுக்கு வெளியே குறுக்கே ஒரு கம்பி போடச் சொன்னேன். டாக்டரம்மா சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. வீணாகப் பயந்துவிடுவார்.

இரண்டு மூன்று நாளில் அக்காவிடமிருந்து போன் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். "கை காலெல்லாம் உதறுது சார். செவுத்துல பூச்சி ஊருதுங்கறான். கதவைப் போட்டு இடிக்கறான். தெறந்து தூக்கிட்டு வந்துடவா?"

வேண்டாம் என்றேன். "இப்பத் தெறந்தீங்கன்னா பட்ட பாடெல்லாம் வீணும்மா. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றேன். அது வலிப்புக்கு முந்தைய நடுக்கம் என்று எனக்குத் தெரியும். மறைக்கவில்லை ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நிலையில் அவர் வாசலுக்கு வந்து விழுந்தால் நான் அவரைக் கீழே சேர்ப்பதா மேலே சேர்ப்பதா? சொல்லுங்கள்.

சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டார். "சத்தம் நின்னுடுச்சு சார்" என்றார், தயங்கித் தயங்கி.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்றேன்.

போனது ஓர் உயிர். எனக்கும் வருத்தம்தான், அன்று இரவு சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. ஆனால் நீங்களும் ஆத்திரப்படாமல் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். அவர் உடம்பில் ஒரு சொட்டுச் சாராயம் இல்லை என்று உங்கள் பிரேதப் பரிசோதனை அறிக்கையே சொல்கிறது. இத்தனை வருஷமாக யாராலும் முடியாத காரியம் அது. அந்த அம்மாளை விட்டுவிடுங்கள், விடும்போது நான் சொன்னதாக ஒரு வார்த்தை சொல்லுங்கள்: அவருடைய தம்பியை மாடியில் சேர்க்க இனி எங்கள் தரப்பில் எந்தத் தடையும் இல்லை.